இந்துமதி ஓட்டிய புயல்

இந்துமதிக்கு மழை பிடிக்காது. தோட்டம் துரவோடு வாழ்ந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் இதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் அவர் சொல்வார். ஐப்பசியில் வானம் கருக்கும்போது தெருவே நல்ல மழை வரப்போகிறது என்று சந்தோஷப்படும். இந்துமதி மட்டும் இடுப்பில் கை வைத்து மேலே பார்த்து, "இப்ப உன்னைய யாரு கூப்பிட்டாங்க?" என்று கேட்பார்.

திருப்பூர் மண்ணரையில் ஊத்துக்குளி ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு களம் இருக்கிறது. நெல் காயும் களம் இல்லை, துணி காயும் களம். சின்னக் கம்பெனிக்காரர்கள் சலவைப் பட்டறையிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்து இறக்கும் பனியன், லெக்கின்ஸ், நைட்டி எல்லாம் அங்கே வரிசை வரிசையாகக் கயிற்றில் தொங்கும். காய்ந்ததும் மடித்து, மூட்டை கட்டித் திருப்பிக் கொடுப்பார். பெரிய கம்பெனிகளில் இதற்கு அறை அளவு ட்ரையர்கள் உண்டு. அந்த மெஷினுக்குக் கட்டுப்படியாகாத சரக்கெல்லாம் இந்துமதியிடம் வரும். கோடையில் அவர் ராணி மாதிரி இருப்பார். தீபாவளிக்கு முன்னால், ஊர் முழுக்கச் சரக்கு அனுப்ப ஆலாய்ப் பறக்கும் சமயத்தில் மழையும் வந்து சேரும். அந்த நாட்களில் அவரிடம் போய் "எப்பங்க காயும்?" என்று கேட்பவர் புதுசாகத் தொழிலுக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் களத்துக்கு எதிரே நான் லேபிள் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கழுத்துப் பட்டையில் வரும் அளவு, துவைக்கும் முறை, அவ்வளவுதான் என் வேலை. நாள் முழுக்க 'எல்', 'எக்ஸ்எல்' என்று அடித்துக்கொண்டிருந்தால் அலுப்புத் தட்டும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே இந்துமதி எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.

கழற்றுவது அவருக்குப் பிறவிக் குணம். பெருமாநல்லூர்ப் பக்கம் அவர் அப்பாவின் கிணற்று மோட்டாரைச் சின்ன வயதிலேயே பிரித்துப் பார்த்தவர். திரும்ப மாட்டியபோது ஒரு மரையாணி மிச்சமாகிவிட்டது. ஆனால் மோட்டார் ஓடியது. அப்படியானால் அந்த மரை தேவையே இல்லை, கம்பெனிக்காரன்தான் தெரியாமல் போட்டிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார். அந்தக் கொள்கையை அதற்குப் பிறகு அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தையல் மெஷின், மிக்சி, மொபெட் என்று எதைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த டப்பாவைக் காட்டி, "இத்தனையும் தண்டச் சாமானுங்க" என்பார்.

அவர் கணவர் ஞானசம்பந்தம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அளக்காமல் வெட்ட மாட்டார். பேச்சும் அப்படித்தான். பல நேரம் அளந்து பார்த்துவிட்டு வெட்டாமலே விட்டுவிடுவார். இந்துமதி ஒரு மணி நேரம் பேசினால் கடைசியில் "ம்" என்பார். அந்த "ம்"மில் சரி, வேண்டாம், யோசிக்கலாம், பசிக்கிறது என்று நாலைந்து வகை இருப்பதாக இந்துமதி சொல்வார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

சில வருஷம் முன்பு, ஒரு புரட்டாசிக் கடைசியில், இந்துமதி பழைய ப்ளோயர் ஏதாவது கிடைக்குமா என்று முகமது ரபீக்கின் கடைக்குப் போனார். ரபீக் பழைய இரும்பு வியாபாரி. எங்கள் பக்கத்தில் மூடிய கம்பெனி எதுவானாலும் அதன் கடைசிச் சாமான் அவரிடம்தான் வந்து சேரும். அன்றைக்குக் கடை மூலையில் வித்தியாசமாக ஒன்று கிடந்தது. புல்லட் எஞ்சின்களை இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று படுக்கப் போட்டு ஒன்றாக ஒட்டினாற் போல இருந்தது. முன்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு இலை விசிறி.

"பாய், இது என்னுங்க?"

"ஏரோப்ளேன் எஞ்சினுங்கக்கா. வெளி மாநிலத்துல ஏரோப்ளேன் ஓட்டச் சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடம் ஒண்ணு மூடிட்டாங்க. மேசை, பீரோ எல்லாம் மொத்தமா ஏலத்துல எடுத்தேன். இதுவும் கூட வந்துருச்சு. நாளைக்கு உடைச்சுப் பிரிச்சரலாம்னு இருக்கறேன்."

"ஓடுமுங்களா?"

ரபீக் கொஞ்சம் ரோஷத்தோடு சொன்னார். "பறந்துட்டு இருந்ததுங்கக்கா. ஓடாதா?"

இந்துமதி விசிறியைப் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். உள்ளே என்னவோ பெருமூச்சு விட்டது. அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இது ஒரு பெரிய ஃபேன். கரண்ட் வேண்டாம், பெட்ரோல் ஊற்றினால் போதும். மழைக் காலத்தில் களத்துக்கு மேலே தகரம் போட்டு, இதை ஒரு பக்கம் நிறுத்தி ஊதவிட்டால், மழை எந்தப் பக்கம் வந்தாலும் என்ன?

"உடைக்காதீங்க பாய். ஊட்டுக்கு அனுப்பி வைங்க."

அது ஊருக்குள் வந்த அன்று ஞானசம்பந்தம் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எதுக்கு?" என்றார்.

"துணி காயறதுக்குங்க மாமா."

"ம்."

அது எந்த வகை "ம்" என்று இந்துமதிக்கே பிடிபடவில்லை. பிடிபடாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

அதைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, உயிர் கொடுப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. ரபீக்கும் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். உடைக்கப் போன சாமான் ஓடப் போகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஏரோப்ளேனை விற்றுவிட்டேன் என்று கடைவீதி முழுக்கச் சொல்லியிருந்தார். ஒரு டிராக்டர் ட்ரெய்லரில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் எஞ்சினை முடுக்கினார்கள். டெம்போ பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும்படி ஒயர் கொடுத்தார்கள். ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் மிஞ்சின.

அதே வாரம் தீனதயாளன் வந்தார். அவர் குழந்தைகள் ஜட்டி தைத்து விற்பவர். குடோனுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, அனுப்பத் தயாராக இருந்த சரக்கு மொத்தமும் நனைந்துவிட்டது. வாத்து, ரயில், கார், பொம்மைக் கரடி என்று கலர் கலராகப் படம் போட்ட ஜட்டிகள்.

"தீவாளிக்குள்ள அனுப்போணுமுங்க. நீங்கதான் காப்பாத்தோணும்."

"கவலையை உடுங்க. நம்மகிட்ட இப்ப ஏரோப்ளேனே இருக்குது" என்றார் இந்துமதி. தீனதயாளனுக்கு அது புரியவில்லை. அந்த அவசரத்தில் அவர் விளக்கமும் கேட்கவில்லை.

காலையில் முதல் வெள்ளோட்டம். கயிறுகளில் ஜட்டிகள் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. இந்துமதி ட்ரெய்லரை நகர்த்தி, விசிறி ஜட்டிகளைப் பார்க்கும்படி நிறுத்தினார். மேசை ஃபேனை அப்படித்தானே வைப்போம். நாங்கள் பார்வையாளர்கள் பத்திரமாக எஞ்சினுக்குப் பின்னால் நின்றோம். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு, லேபிள் கட்டு ஒன்றைக் கையோடு வைத்திருந்தேன்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி என் கையில் லேபிள் இல்லை. ரபீக்கின் தலையில் தொப்பி இல்லை. ஞானசம்பந்தம் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து, தன் விருப்பமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். காற்று முழுவதும் பின்பக்கம் வந்தது. ஜட்டிகளோ ஒன்றுகூடக் காயாமல், எஞ்சினை நோக்கி இழுபட்டு நின்றன. ட்ரெய்லரும் ஆசையாக அவற்றை நோக்கி உருள ஆரம்பித்தது. இந்துமதி பாய்ந்து நிறுத்துவதற்குள் முதல் வரிசையில் கொஞ்சம் ஜட்டிகள் பொடியாகிவிட்டன.

எல்லாம் அடங்கிய பிறகு ஞானசம்பந்தம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து சொன்னார்: "ஏரோப்ளேன் முன்னால போகோணும்னா, காத்து பின்னாலதானே போகோணும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?"

"நீ கேக்கவே இல்லியே."

என் லேபிள்கள் பல நாள் மண்ணரை முழுக்கக் கிடந்தன. ரோட்டோரம் படுத்திருந்த ஒரு நாய், சாயங்காலம் வரை முதுகில் 'எக்ஸ்எல்' ஒட்டிக்கொண்டு திரிந்தது.

அன்று மத்தியானத்துக்கு மேல் இரண்டாவது ஓட்டம் வைத்துக்கொண்டார்கள். அதை நான் களத்திலிருந்து பார்க்கவில்லை. களத்துக்குப் பின்னால் சுவர் தாண்டினால் வேலாத்தாள் வீடு. கொஞ்சம் சோளக்காடும் இரண்டு எருமையும் வைத்துக்கொண்டு, கணவர் போன பிறகு மகளை ஒற்றை ஆளாகப் படிக்க வைத்தவர். மகள் சுபஸ்ரீ ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வேலாத்தாள் தன் பக்கத்தில் ஆண்துணைக்கு ஆள் போதாது என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். பஜ்ஜித் தட்டு நீட்டுவது என் பொறுப்பு.

மாப்பிள்ளை சுரேந்தரின் அப்பா மகுடேஸ்வரன் பெருமாநல்லூரில் கார்மெண்ட் கம்பெனி வைத்திருப்பவர். சுரேந்தர் அங்கேயே உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறான். எல்லாரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நூல் விலையைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். சுபஸ்ரீ காபித் தட்டைப் பார்த்தாள். பையனும் பெண்ணும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாராவது சொல்ல வேண்டும், யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அது உறுமியது.

"என்னுங்க சத்தம்?" என்றார் மகுடேஸ்வரன்.

"அது ஒண்ணுமில்லீங்க, மாவு மில்லுங்க" என்றார் வேலாத்தாள். எனக்குத் தெரிந்து அங்கே மாவு மில் கிடையாது.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு ரபீக் சொன்னார். இந்தத் தடவை ட்ரெய்லரைச் சரியாகத் திருப்பி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சங்கிலியால் தென்னை மரத்தில் கட்டியிருக்கிறார்கள். பாரத்துக்கு ரபீக்கும் ஞானசம்பந்தமும் ட்ரெய்லரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். மெதுவாக ஓடவிட்டபோது அருமையாக இருந்ததாம். எல்லா ஜட்டியும் படுக்கைவாட்டில், ஒரே சீராக, அணிவகுப்பு மாதிரி நின்றதாம். "இன்னுங் கொஞ்சம் வெச்சா அஞ்சே நிமிசத்துல காஞ்சிரும்" என்று இந்துமதி லீவரைத் தள்ளியிருக்கிறார். கிளிப்புகள் பட்டாசுச் சரம் மாதிரி வரிசையாகத் தெறித்திருக்கின்றன.

எங்கள் பக்கம் முதலில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மஞ்சள் நிறம், வாத்துப் படம். சுவரைத் தாண்டி, காற்றில் நிதானமாக மிதந்து வந்து சுபஸ்ரீயின் காபித் தட்டில் உட்கார்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் ஜட்டியைப் பற்றி யார் முதலில் பேசுவது?

அப்புறம் மொத்தமும் வந்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று வானம் முழுக்க ஜட்டி. தென்னை மட்டையில் தொங்கியது. எருமைக் கொம்பில் மாட்டியது. மாப்பிள்ளையின் அத்தை தலையில் ஒரு ரயில் வண்டி வந்து இறங்கியது. என் பஜ்ஜித் தட்டு மூடிவிட்டது.

மகுடேஸ்வரன் மடியில் விழுந்ததை எடுத்தார். நான் சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"எலாஸ்டிக் நல்ல எலாஸ்டிக்குங்க. ஓவர்லாக்தான் கொஞ்சம் லூசா ஓட்டியிருக்கறாங்க. யாரு கம்பெனிச் சரக்குங்க இது?"

"மேல இருந்து வருதுங்க" என்றார் வேலாத்தாள்.

முதலில் சிரித்தது சுபஸ்ரீதான். அடக்கப் பார்த்து முடியாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்துச் சுரேந்தருக்கும் வந்துவிட்டது. பிறகு அவள், வேலைப் பழக்கம் போலிருக்கிறது, கீழே கிடந்ததைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கினால் சும்மா பொறுக்க வராது, அளவுவாரியாகப் பிரித்து அடுக்கினாள். சுரேந்தரும் எழுந்து போய் எதிரே குத்த வைத்து உட்கார்ந்தான்.

"அது நாப்பத்தஞ்சு இல்லீங்க, அம்பது" என்றான்.

"லேபிளைப் பாத்துச் சொல்லுங்க."

"லேபிள் தப்பா வெச்சிருக்கறாங்க. வேணும்னா அளந்து பாருங்க."

அவள் சாணால் அளந்து பார்த்தாள். அம்பதுதான். லேபிள் நான் அடித்துக் கொடுத்தது. நான் பஜ்ஜித் தட்டோடு சமையலறைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தனியாகப் பேசட்டும் என்று சொல்லும் வேலை யாருக்கும் மிச்சமில்லை.

அந்த நேரம் சுவர்மேல் இந்துமதியின் தலை தெரிந்தது. முடி முழுவதும் பின்னால் போய் அப்படியே நின்றிருந்தது. கையில் சாக்கு.

"ஏனுங்கக்கா, ஒறம்பரை வந்திருக்கறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

"இப்பத் தெரிஞ்சுதா கண்ணு?" என்றார் வேலாத்தாள்.

இந்துமதி சுவரேறிக் குதித்து வந்தார். மகுடேஸ்வரன் கையிலிருந்த ஜட்டியை வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. சுவரின் அந்தப் பக்கம் திரும்பி, "மாமா, காஞ்சிருச்சுங்க" என்று கத்தினார்.

உண்மைதான். பறந்ததெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. கயிற்றில் தங்கியவைதான் ஈரமாக இருந்தன.

கல்யாணம் நிச்சயமானது. ஆனால் இந்துமதியின் கதை அவ்வளவு நன்றாகப் போகவில்லை. தீனதயாளன் எருமைக் கொம்பில் மாட்டியவற்றை மறுபடி துவைத்தாக வேண்டும் என்றார். சத்தம் தாங்க முடியவில்லை என்று யாரோ புகார் சொல்லி, ஒரு போலீஸ்காரர் வந்தார். எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "இனிமேப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிப் போனார். ஞானசம்பந்தம் மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ம்" கூட இல்லை. அதுதான் இந்துமதியைப் பாதித்தது. எஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி ரபீக்கிடம் கேட்டார்.

"என்னால முடியாதுங்கக்கா. இத்தனை பேருகிட்ட ஏரோப்ளேனை வித்துட்டேன்னு சொல்லியாச்சு. திருப்பி வாங்குனா என்ன மருவாதைங்க?"

எஞ்சின் தார்ப்பாய்க்குள் போனது. மழை முடிந்து வெயில் வந்ததும் இந்துமதி கயிற்றில் துணி போட்டார். ஆனால் முன்பு போல இல்லை. எதையும் கழற்றவும் இல்லை. மிக்சி சத்தம் மாறியபோது கடைக்குக் கொடுத்துப் பழுது பார்த்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கவலையாகிவிட்டது.

மாசி மாதத்தில் வேலாத்தாளே வந்து நின்றார். சோளக்காட்டில் மயில் தொல்லை. தட்டைத் தட்டினாலும் பட்டாசு போட்டாலும் போவதில்லை.

"கண்ணு, அந்தச் சனியனை ஒருக்கா ஓட்டு. மயிலு பயந்து ஓடட்டும்."

மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை முன்னால் மானம் போனதை அவரே மன்னித்துவிட்டுக் கேட்கும்போது இந்துமதிக்கு மறுக்கத் தோன்றவில்லை. தார்ப்பாயை எடுத்து, காட்டு வரப்பில் கொண்டுபோய் நிறுத்தி ஓட்டினார். மயில்கள் அலறிப் பறந்து கண்காணாமல் போயின. வேலாத்தாள் அவர் கையில் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து வாழ்த்தினார்.

மறுநாள் மயில்கள் திரும்பி வந்தன. எஞ்சின் ஓடியது. அவை கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தன. அதற்கடுத்த நாள் அவை முன்னதாகவே வந்து காத்திருந்தன. உறுமல் கேட்டது, காற்று அடித்தது, மழை வரப்போகிறது என்று அவற்றுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தோகையை விரித்தன. காட்டில் இடமில்லாமல் மயில் நின்று ஆடியது. செய்தி பரவி, வேலை விட்டுப் போகும் கம்பெனிப் பெண்கள், பீகார்ப் பையன்கள், டெம்போக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். மயில் தின்றதைவிட மனிதர்கள் மிதித்தது அதிகம். வேலாத்தாள் மோர்ச் சொம்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எஞ்சின் மறுபடி தார்ப்பாய்க்குள். இந்தத் தடவை இந்துமதி அதன்மேல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

வைகாசியில் மகுடேஸ்வரன் போன் செய்தார். அவர் கம்பெனி புதிதாக மழைக்கோட்டு தைக்க இறங்கியிருந்தது. குளிர் தேசத்திலிருந்து சரக்கு வாங்கும் பையர் ஒருவர், மலையேறுகிறவர்கள் போடும் கோட்டு கேட்டிருந்தார். சாம்பிள் பிடித்துவிட்டது. ஆனால் நிஜமான புயல் மழையில் அது தாங்குகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பினால்தான் ஆர்டர் என்றார்கள். திருப்பூரில் சித்திரை வைகாசியில் புயலுக்கு எங்கே போவது?

"ஏனுங்க அம்மிணி, அன்னிக்கு ஜட்டியெல்லாம் பறந்துச்சே, அந்த மெஷினு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா அதுக்கு மெதுவா ஊதத் தெரியாதுங்க."

"மெதுவா யாருங்க கேட்டா?"

போனை வைத்துவிட்டு இந்துமதி தார்ப்பாயின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, "ஓட்டட்டுங்களா மாமா?" என்று கேட்டார். அவர் இப்படி அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. ஞானசம்பந்தமும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதனால் ஒரு முழு வாக்கியமே பேசினார்: "இந்தத் தடவை மிஞ்சுன போல்ட்டையும் சேத்து முடுக்கு."

பிஸ்கட் டப்பா வெளியே வந்தது. ட்ரெய்லர் வேண்டாம் என்று கான்கிரீட் மேடை போட்டு எஞ்சினை அதில் பதித்தார்கள். விசிறியைச் சுற்றிக் கம்பி வலை அடித்தார்கள். போர்வெல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, காற்றுக்கு நடுவே பீய்ச்சும்படி ரபீக் ஒரு வளையம் செய்து கொடுத்தார். மகுடேஸ்வரன் கோட்டோடு ஒரு துணிக்கடைப் பொம்மையையும் கொண்டுவந்தார். எஞ்சின் வேகமெடுத்ததும் பொம்மை கோட்டோடு கிளம்பிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"ஆளுதான் நிக்கோணும்" என்றார் மகுடேஸ்வரன்.

சுரேந்தர் நான் நிற்கிறேன் என்றான். வேலாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "கல்யாணம் முடியட்டும்" என்றார். ரபீக் முன்வந்தார், கோட்டு அவர் தோளுக்கு மேல் ஏறவில்லை. சாம்பிள் மீடியம் அளவு. அங்கிருந்தவர்களில் மீடியம் ஒருவர்தான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

ஞானசம்பந்தம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டை மாட்டி, ஜிப்பை இழுத்து, ஹூடு என்கிற தலை மறைப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தென்னையில் முடிந்தார்கள். இந்துமதி லீவர் பக்கத்தில். கொஞ்சமாகத் தள்ளினார். தண்ணீர் சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. ஞானசம்பந்தம் கையைத் தூக்கினார். இன்னும் வை என்று அர்த்தம். இந்துமதி கொஞ்சம் தள்ளினார். கணவர் மறுபடி கையைத் தூக்கினார். இந்துமதி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இவரு என்னுங்க இப்படிக் கேக்கறாரு?" என்றார், பயந்துபோய். முழு வேகத்தில் அந்த மனிதர் காற்றின்மேல் சாய்ந்துகொண்டு, விழாமல், சாய்ந்தபடியே நின்றார்.

நிறுத்தியதும் வந்து ஜிப்பைத் திறந்தார். சட்டை காய்ந்திருந்தது. கழுத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஈரம்.

"ஹூடு கட்டிங் சரியில்லீங்க. குடுங்க, மாத்தி வெட்டலாம்."

வெட்டித் தைத்து, மறுபடி நின்றார். இந்தத் தடவை சொட்டு ஈரமில்லை. வீடியோ போனது. பையரிடமிருந்து பதில் வந்தது: கோட்டு திருப்தி. ஆனால் புயலில் மாட்டிக்கொண்ட ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, சிரிக்காமல் இன்னொரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?

முடியவில்லை. பல தடவை எடுத்துப் பார்த்தார்கள். காற்று முகத்தில் அடித்ததும் ஞானசம்பந்தத்துக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கடைசியில் பின்பக்கமாக நிற்க வைத்து எடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இந்துமதி கேட்டார். "அப்படி என்ன சிரிப்புங்க அதுக்குள்ள?"

ஞானசம்பந்தம் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உள்ள நின்னா ஒரு சத்தம் கேக்குதில்ல, அதுல வேற ஒண்ணும் காதுல விழறதில்ல. யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. நானும் பதில் சொல்ல வேண்டியதில்ல. நல்லா இருக்குது."

இந்துமதிக்கு இது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். அன்றைக்கு மிச்ச டீயைப் பேசாமல் குடித்தார்.

இப்போது களத்தின் ஒரு பாதியில் துணி காய்கிறது. மறுபாதியில் புயல் நடக்கிறது. மழைக்கோட்டு மட்டுமில்லை, குடை, கூடாரம், பந்தல் துணி என்று எங்கெங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். போனில் "நாளைக்குப் புயல் ஃப்ரீங்களா?" என்று கேட்கிறார்கள். இந்துமதி, "காலையில குடைக்காரங்க இருக்கறாங்க, மத்தியானம் வாங்க" என்கிறார். ஞானசம்பந்தம் கட்டிங் வேலையை விட்டுவிட்டு, கோட்டுப் போட்டு நிற்பதையும் ஹூடு வெட்டுவதையும் மட்டும் பார்க்கிறார். சுபஸ்ரீ கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை பெய்து, பந்தல் தரை சேறானபோது, கான்கிரீட் மேடையிலிருந்து எஞ்சினைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் காயவைத்ததும் இவர்கள்தான். சுரேந்தர் கூட நின்று, தரையில் பறக்கக்கூடிய எதுவும் இல்லையே என்று தானே சரிபார்த்தான்.

போன வாரம் ஒரு கோட்டுக்காரர் ஆண் அளவு ஒன்று, பெண் அளவு ஒன்று என்று ஜோடியாகக் கொண்டுவந்தார். பெண் அளவுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. இந்துமதி லீவரை ரபீக்கிடம் ஒப்படைத்துவிட்டு, தானே கோட்டை மாட்டிக்கொண்டு, கணவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதற்குள் நின்றதில்லை. என் கடை வாசலில் இருந்து பார்த்தேன். காற்று ஏறியதும் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்னவோ விடாமல் பேசுகிறார், ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. ஞானசம்பந்தம் காதில் கை வைத்துக் காட்டிச் சிரித்தார். இந்துமதி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். காற்று இன்னும் ஏறியது. அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். காற்று அதற்கு மேலும் ஏறியது. கடைசியில் ஞானசம்பந்தம் அவர் தோளைப் பிடித்து நிறுத்திக்கொள்ள, இருவரும் ஒரே கோணத்தில் சாய்ந்து, பெட்ரோல் தீரும் வரை அப்படியே நின்றார்கள்.

சத்தம் அடங்கியதும் ரபீக் ஓடிவந்தார். "அக்கா, கையத் தூக்குனா காத்தை இன்னும் எச்சா வைக்கோணும்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க. நீங்க தூக்கிட்டே இருந்தீங்க, நானும் வெச்சுட்டே இருந்தேன்."

இந்துமதிக்கு மூச்சு வாங்கியது. கோட்டின் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஈரமில்லீங்க" என்றார். அப்புறம், "பெட்ரோல் இருக்குதுங்களா பாய்?"